அயிரை மீனும் ஆற்று மணலும்

முப்பது ஆண்டுகளாக அரசியலையும் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பிரச்சினையையும் எழுதிவந்த ஒருவன், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், "இவருக்கு எழுத விடயம் தீர்ந்துவிட்டது" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஒரு மீன்தொட்டியின் அடியில் எதைப் பரப்புவது என்ற சின்னக் கேள்வி, சென்ற மாதம் முழுவதும் என்னை விடாமல் துரத்தியது. அதை எழுதித் தீர்த்துவிட்டு மற்ற விடயங்களுக்குத் திரும்புவதே உத்தமம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். லிந்துலையில் எங்கள் வீட்டுக்குச் சற்றுக் கீழேயுள்ள லயத்திலிருந்து, ஒன்பதாம் தரத்தில் படிக்கும் சிறுவன் ஒருவன் வந்தான். ஒரு கையில் நீர் நிரம்பிய பொலித்தீன் பை. அதற்குள் இரண்டு தங்கமீன்கள். மறு கையில் நீலச் சாயம் பூசிய கற்கள் ஒரு பொதி. யாரோ கழித்துவிட்ட இரண்டடித் தொட்டி ஒன்றை அவனுடைய தகப்பனார் வாங்கிவந்து, ஒழுகும் மூலைக்குச் சிலிக்கன் பூசிக் கொடுத்திருக்கிறார்.

"மாமா, இந்தக் கல்லப் போட்டாத்தான் மீனு நல்லா இருக்கும்னு கடையில சொன்னாங்க. அப்பா ஆத்து மணலே போதும்ங்குறாரு. எதுங்க மாமா போடுறது?"

அந்தக் கல்லின் விலையைக் கேட்டேன். அவனுடைய தாய் அரைப்பேருக்கு, அதாவது கொழுந்து மலையில் அரைநாள் நின்றதற்கு, வாங்கும் சம்பளத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. நான் உடனே பதில் சொல்லவில்லை. "மீனை இப்போதைக்கு வாளியில் விடு தம்பி, கல்லைப் பிரிக்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். காரணம், அதே கேள்விக்கு ஒருமுறை தவறான விடையை எடுத்து அதன் பலனை அனுபவித்தவன் நான்.

நான் பட்ட பாடு

கொழும்பிலிருந்து ஊர் திரும்பியபோது நானும் ஒரு தொட்டி வாங்கினேன். கடைக்காரர் சொன்னபடியே கற்களைப் பரப்பினேன். கற்களுக்குக் கீழே துளைகளுள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று. காற்றுப் பம்பு அந்தத் தட்டின் குழாய் வழியாக நீரை மேலே இழுக்கும். தொட்டி நீர் கற்களினூடாகக் கீழே இறங்கிச் சுத்தமாகும். கற்களின்மேல் படியும் நுண்ணுயிர்கள்தாம் அங்கே உண்மையில் வேலை செய்பவை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அவை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நல்ல ஏற்பாடுதான்; மின்சாரம் இருக்கும்வரை.

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இந்நாட்டில் மின்வெட்டு ஒருநாளில் 13 மணித்தியாலம்வரை நீண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பம்பு நின்றது. கற்களினூடாக ஓடிய நீரும் நின்றது. கல்லிடுக்கில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் நீரில் எஞ்சியிருந்த ஒட்சிசனை உறிஞ்சிவிட்டு, தாமும் மூச்சுத் திணறத் தொடங்கின. மறுநாள் காலையில் ஐந்து தங்கமீன்களில் மூன்று மிதந்தன.

தொட்டியை வெறுமையாக்கியபோதுதான் கற்களின் அடியில் என்ன இருந்தது என்று பார்த்தேன். மூன்று அங்குல உயரக் கற்களுக்குள் கறுத்த சேறு. தின்னாத தீனி, மீனின் எச்சம், அழுகிய இலை எல்லாம் மாதக்கணக்கில் இறங்கிச் சேர்ந்திருந்தன. கூழ்முட்டை நாற்றம் வீடு முழுவதும் பரவியது. மேலே பார்க்கையில் தொட்டி பளிங்குபோல இருந்ததுதான் வேடிக்கை.

குற்றம் கல்லினுடையது என்று சொல்லமாட்டேன். ஆறு மாதமாகக் குழாய்விட்டு உறிஞ்சித் துப்புரவு செய்யாதவன் நான். ஆனால் அழுக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்தது அந்தக் கல். மணலாக இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே எல்லாம் மேலே கிடந்து என்னைக் குற்றஞ்சாட்டியிருக்கும். நுண்மணலின் இடைவெளிகள் மிகச் சிறியவை. தீனியும் எச்சமும் அதற்குள் புகமுடியாமல் மேற்பரப்பிலேயே தங்கும். பார்த்தவுடன் எடுத்துவிடலாம். மணலுக்கு ஆதரவாக நான் சொல்லும் முதல் நியாயம் இதுதான்.

கண்ணாடிப் பெட்டியின் பூர்வீகம்

தொட்டியில் மணல் போடுவது ஏதோ புது நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. லண்டனில் வாழ்ந்த நத்தானியல் வார்ட் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் நீண்டகாலம் உயிர்வாழும் என்று கண்டுபிடித்தார். 'வார்டின் பெட்டி' என்று பெயர் பெற்ற அந்தப் பெட்டிகளில்தான் ரொபர்ட் பொர்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டது 1867இல். எங்கள் பாட்டன் பூட்டன்மார் இம்மலைகளில் யாருக்காக வியர்வை சிந்தினார்களோ, அந்தத் தேயிலைத் தொழிலின் கதையில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

அதே பெட்டியின் இன்னொரு பிள்ளைதான் மீன்தொட்டி. 1850இல் ரொபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் இரசாயனவியலாளர் ஒரு கண்ணாடிக் கலத்தில் தங்கமீனையும் வலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் சேர்த்து வைத்தார். அழுகும் இலைகளால் நீர் கெட்டபோது நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் தொட்டி என்ற எண்ணம் அந்தச் சோதனையிலிருந்து வலுப்பெற்றது. அவர் கலத்தின் அடியில் இட்டது மணலும் சேறும். 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்மாளிகை திறக்கப்பட்டது.

பின்னர் மணல் ஏன் வழக்கொழிந்தது? நான் மேலே சொன்ன அடித்தட்டு வடிகட்டிதான் பெருங்காரணம். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அது உலகெங்கும் பரவியது. மணல் அந்தத் தட்டின் துளைகளை அடைத்துவிடும். ஆகவே "மணல் ஆகாது" என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். இன்று பெரும்பாலானோர் அந்தத் தட்டைக் கைவிட்டுப் பஞ்சு வடிகட்டிக்கு மாறிவிட்டார்கள். தட்டு போய்விட்டது, தட்டுக்காகச் சொன்ன வாக்கு மட்டும் கடைகளில் நின்றுவிட்டது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு இது புதிதல்ல. காரணம் மறைந்த பிறகும் வாழும் கட்டளைகளை நம் நாட்டில் எல்லாத் திணைக்களங்களிலும் காணலாம்.

அயிர் என்றால் மணல்

இரண்டாவது நியாயம் மீனின் பக்கத்திலிருந்து வருகிறது. நாம் தொட்டியைக் கண்ணால் பார்க்கிறோம். அடியில் மேயும் மீன் அதை வாயால் அறிகிறது.

தமிழருக்கு இது தெரியாத விடயமல்ல. 'அயிர்' என்ற சொல்லுக்கு நுண்மணல் என்று அகராதிகள் பொருள் கூறுகின்றன. அயிரை என்ற மீன்பெயர் அதிலிருந்து பிறந்திருக்கும் என்று எண்ண நிறைய இடமுண்டு. சங்கப் பாடல்களிலேயே பேசப்படும் அந்தச் சிறு மீன், மணலுக்குள் தலைவைத்துப் புதைந்து கண்ணை மட்டும் வெளியே காட்டிக் கிடக்கும். மதுரைப் பக்கத்தில் அயிரைக் குழம்பு வைப்பவர்கள், உயிருள்ள மீனைப் பாலில் விட்டு அது விழுங்கிய மண்ணைக் கக்கவைத்த பிறகே சமைப்பார்கள். மணலைத் தின்று சலித்துத் துப்புவதே அதன் சீவனம் என்பதற்கு அந்த அடுப்பங்கரை வழக்கத்தைவிட வேறு சான்று வேண்டுமா?

அயிரைக்கு அறிவியல் வைத்த பெயரிலும் ஈழத்து மண் ஒட்டியிருக்கிறது. 1846இல் வலன்சியன் என்ற பிரெஞ்சு அறிஞர் அதற்கு 'தேர்மாலிஸ்' என்று பெயரிட்டார். வெப்பத்தைக் குறிக்கும் சொல் அது. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றிலிருந்து கிடைத்த மீன் என்பதே காரணம். அதன் உறவான இன்னோர் இனம் இலங்கையின் ஈரவலயத்து ஓடைகளுக்கே உரியது. 1956இல் தெரணியகல அதற்கு, இந்நாட்டின் புகழ்பெற்ற மீன் ஆர்வலரும் சுழியோடியுமான ரொட்னி ஜொன்க்ளாஸின் பெயரைச் சூட்டினார்.

கடைகளில் கிடைக்கும் கொரிடோராஸ் என்னும் சிறு கெளிறும் இப்படித்தான். மூக்குவரை மணலில் புதைத்து, வாயால் அள்ளி, தீனியை வடித்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாக வெளியேற்றும். எங்கள் குளிருக்கு ஒத்துவரும் அதன் மிளகுப்புள்ளி இனத்தைத் தென்னமெரிக்காவிலிருந்து முதலில் சேகரித்துக் கொண்டுவந்தவர் சார்ல்ஸ் டார்வின். அந்த மீன்கள் நான்கு இப்போது என் தொட்டியில் இருக்கின்றன. கூர்க்கற்களின்மேல் இரண்டாண்டு இருந்தபோது அவற்றின் மீசைகள் தேய்ந்து வெறும் முளைகளாகியிருந்தன. மணலுக்கு மாற்றிய சில மாதங்களில் அவை மெல்ல வளர்ந்தன. கல்லின் கூர்மை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லக்கூடாது. அழுக்கான தரையில் பெருகும் கிருமிகளும் மீசையை அரிக்கும். என் தொட்டியில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. எப்படிப் பார்த்தாலும், சுத்தமான மெல்லிய மணலில் இரண்டு கேடும் குறைவு.

தங்கமீனும் கெண்டைக் குடும்பம். நாள் முழுவதும் தரையைக் கிளறி, கிடைத்ததை வாயில் போட்டு உமிழ்ந்துகொண்டே இருக்கும். பட்டாணியளவு கல் தங்கமீனின் தொண்டையில் சிக்கிக்கொள்வது மீன் வளர்ப்போர் அடிக்கடி காணும் விபத்து. சிறுவன் கொண்டுவந்த நீலக்கல் ஏறத்தாழ அந்த அளவுதான். மணல் சிக்காது.

சொல்லப்படும் குறைகள்

மணலைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும்.

மணலுக்கு அடியில் நச்சுவாயு சேரும் என்பது முதலாவது. கனமாகப் பரப்பிக் கிளறாமல் விட்டால் காற்றுப்புகாத அடுக்கு உண்டாகி, ஐதரசன் சல்பைட்டு உருவாகும் என்பது உண்மை. ஒரு அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம்வரை மட்டும் பரப்பி, வாரத்துக்கு ஒருமுறை விரலால் மெல்லக் கிளறிவிட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. மணலுக்குள் ஊர்ந்து வாழும் சுருள்நத்தைகள் சில இருந்தால் அந்த வேலையை அவை இராப்பகலாகச் செய்யும். கூழ்முட்டை நாற்றத்தை நான் கண்டது மணலில் அல்ல, கல்லில் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

நீர் கலங்கும் என்பது இரண்டாவது. கழுவாத மணல் கலங்கத்தான் செய்யும். அரிசி களைவதுபோல வாளியில் கையால் அலசி, நீர் தெளியும்வரை ஊற்றவேண்டும். பத்துத் தடவைக்குக் குறைந்து தெளிந்ததை நான் கண்டதில்லை. பரப்பியபின் ஒரு பீங்கான் தட்டை மணலின்மேல் வைத்து, நீரை அந்தத் தட்டின்மேல் மெல்ல ஊற்றினால் பள்ளம் விழாது. எஞ்சிய கலங்கல் ஓரிரு நாளில் அடங்கும்.

பம்பு கெட்டுவிடும் என்பது மூன்றாவது. இதில் நியாயம் இருக்கிறது. மணல் பம்புக்குள் போனால் உள்ளே சுழலும் பகுதியைத் தேய்க்கும். வடிகட்டியின் வாயைத் தரைக்கு மேலே நான்கைந்து அங்குலம் உயர்த்தி வைத்தால் தீர்ந்தது. துப்புரவு செய்யும்போதும் உறிஞ்சுகுழாயை மணலுக்குள் குத்தாமல், ஒரு அங்குலம் மேலே பிடித்தால் அழுக்கு மட்டும் எழும்பிவரும்.

செடி வளராது என்பது நான்காவது. வெறும் மணலில் சத்தில்லை என்பது சரி. ஆனால் வேர் பிடிக்க மணலைப்போல இதமான தரை வேறில்லை. உலகமெங்கும் மீன்தொட்டிகளில் வளரும் கிரிப்டோகொரைன் செடிகளில் பல, இலங்கை ஓடைகளைத் தாயகமாகக் கொண்டவை. வேரடியில் சிறு களிமண் உருண்டை ஒன்றைப் புதைத்தால் அவை எங்கள் மங்கலான மலைவெளிச்சத்திலும் தழைக்கின்றன.

எந்த மணல்?

எல்லா மணலும் மணலல்ல. இங்கேதான் வாசகர்கள் இருக்கும் ஊரைப் பொறுத்து விடை மாறும்.

எங்கள் மலைநாட்டு ஆற்றுமணல் பெரும்பாலும் படிகக்கல் துகள். நீரில் எதையும் கரைக்காது. இடையிடையே மின்னும் காக்காப்பொன்னும், செந்நிற, கருநிறத் துகள்களும் தீங்கற்றவை. எங்கள் மலைநீர் மென்னீர். அதன் இயல்பை மாற்றாத மணல்தான் அதற்குப் பொருத்தம். கடற்கரை மணலில் சிப்பித்தூளும் உப்பும் கலந்திருக்கும், நீர் கடினமாகும். சோதனை எளிது. மணலில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அதை வைத்துவிட்டு வேறு தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரே சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவதால், அங்கே இன்னும் சுண்ணாம்பைக் கூட்டுவது மென்னீர் மீன்களுக்குப் பெருந்துன்பம்.

தமிழகத்து வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆற்றுமணல் அருகியபின் அங்கே கட்டடங்களுக்கு எம்-சாண்ட் பயன்படுகிறது. அது பாறையை உடைத்துச் செய்வது. ஓரங்கள் கூர்மையானவை, தூளும் மிகுதி. சுவருக்கு அது நல்லது. அயிரையின் வயிற்றுக்கு நல்லதல்ல. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வாங்கச் செல்பவர்கள் மணலையும் அங்கேயே விசாரித்து வாங்கலாம். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருப்பவர்களுக்குச் சிரமமே இல்லை. நீச்சல்குளத்து வடிகட்டிக்கென விற்கும் மணலும், சிறுவர் விளையாடும் மணலும் மலிவாகக் கிடைக்கின்றன. முன்னது சீரான பருமனுடையது, அதிகம் கழுவவேண்டியதில்லை. பின்னதை நன்றாகக் கழுவவேண்டும்.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் கொண்ட தொட்டிக்கு ஒன்றரை அங்குலம் மணல் என்றால் ஏறத்தாழ 7 லீற்றர், நிறையில் 11 கிலோ. ஒரு வாளி. அவ்வளவுதான்.

யாருடைய மணல்?

சிறுவனின் தகப்பனார் சொன்னது சரி என்றால், அந்த ஒரு வாளியை ஆக்ரா ஓயாவில் அள்ளிவரச் சொல்லியிருக்கலாமே? நான் தயங்கியது இங்கேதான்.

லிந்துலைப் பக்கமாக வரும் ஆக்ரா ஓயாவும் நானு ஓயாவும் சேர்ந்து கொத்மலை ஓயாவாகி, தலவாக்கலையில் மேல்கொத்மலை அணையைச் சந்தித்து, பின்னர் மகாவலிக்குப் போகின்றன. அந்த ஆற்றங்கரையில் மணல் அள்ளுவது இம்மலைகளில் புதிதல்ல. தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் இடுப்பளவு குளிர்நீரில் நின்று மணல் அள்ளிய இளைஞர்களை எனக்குத் தெரியும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி மணல் அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் கூடையும் மண்வெட்டியுமாகப் பிடிபட்டு நீதிமன்றத்தில் தண்டம் கட்டியவர்களைப் பற்றி நான் செய்தி எழுதியிருக்கிறேன். இரவில் லொறியில் ஏற்றியவர்களைப் பற்றி எழுதும் வாய்ப்பு எனக்கு மிக அரிதாகவே கிடைத்தது.

இந்நாட்டில் மணலை 'கியூப்' கணக்கில் விற்கிறார்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2,830 லீற்றர். சிறுவனின் தொட்டியைப்போல 390க்கும் மேற்பட்ட தொட்டிகளுக்கு ஒரே ஒரு கியூப் போதும். ஆகவே ஆற்றைக் கெடுத்தவர்கள் மீன் வளர்ப்பவர்கள் என்று யாரும் சொல்லமுடியாது. உலகம் ஆண்டொன்றுக்கு 5,000 கோடி தொன் மணலும் சரளையும் பயன்படுத்துகிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 2022இல் கூறியது. அதில் நம் வாளி எம்மாத்திரம்?

இருந்தாலும் என் கருத்து, வாளியைக்கூட நேரே ஆற்றில் தோய்க்கவேண்டாம் என்பதே. மூன்று காரணங்கள்.

முதலாவது, மணல் ஆற்றின் தரை. மீன் முட்டையிடுவதும் அயிரை ஒளிவதும் அங்கேதான். வீட்டு மீனுக்கு ஒரு தரை கொடுப்பதற்காக ஆற்று மீனின் தரையைப் பெயர்ப்பது என்ன நியாயம்? இரண்டாவது, மணல் கரையைத் தாங்குகிறது, நீரைப் பிடித்துவைக்கிறது. களனி கங்கையின் கீழ்ப்பகுதியில் மணலை மிகையாக அள்ளியதால் ஆற்றடி தாழ்ந்து, வறட்சியில் கடல்நீர் உள்ளே ஏறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை வரை உப்புப் பிரச்சினை வந்ததை நாம் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்த மலைகளை என்ன செய்தது என்பதையும் கண்டோம். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சரிந்த மலைகளுக்கும் பெருகிய ஆறுகளுக்கும் பக்கத்தில் வாழ்பவன், கரையில் கைவைக்குமுன் ஒரு கணம் நிற்கவேண்டும். மூன்றாவது, வாளியோடு ஆற்றுக்குப் போகும் தோட்டத்துப் பையன்தான் இந்நாட்டில் முதலில் பிடிபடுவான். அந்த அனுபவம் அவனுக்கு வேண்டாம்.

ஆனால் மணலே வேண்டாம், சாயக்கல்லையே வாங்கு என்று சொல்வதும் விடையாகாது. அந்தக் கல்லும் ஏதோ ஒரு மலையை உடைத்து வந்ததுதான். அதோடு சாயமும் சேர்ந்திருக்கிறது. மலிவான சாயம் நீரில் உரிவதையும் கண்டிருக்கிறேன்.

நான் கண்ட வழி எளியது. ஏற்கெனவே ஆற்றிலிருந்து வந்துவிட்ட மணலில் எஞ்சியதை எடுங்கள். வீடு கட்டும் இடங்களில் சலித்துக் கழித்த மணல் மழையில் கரைந்து கானுக்குள் போகிறது. அதில் ஒரு வாளி கேட்டால் யாரும் மறுப்பதில்லை. சீமெந்து கலந்த இடத்துக்கு அருகில் மட்டும் எடுக்கக்கூடாது. சீமெந்து நீரைக் காரமாக்கி மீனைக் கொன்றுவிடும்.

ஒரு வாளி

அடுத்த சனிக்கிழமை சிறுவனின் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் மேசன் வேலை செய்பவர். ஏழு பேர்ச்சஸ் காணியில் எழும்பும் வீடொன்றில் அப்போது வேலை. நான் விடயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"நான் ஆத்துக்குப் போகச் சொல்லலீங்க ஐயா. வேல எடத்துல அரிச்சுப் போட்ட மணலு கெடக்கு, அதத்தான் சொன்னேன். பய காதுல ஆறு மட்டுந்தான் விழுந்திருக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வாரம் நான் யோசித்து வந்துசேர்ந்த இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். மணலோடு வாழ்நாள் முழுவதும் புழங்கும் மனிதரிடம் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். பத்திரிகையாளனுக்குரிய பாலபாடத்தை நான் மறந்திருந்தேன்.

யன்னல் வலையொன்றில் மணலை அரித்தோம். வினாகிரி விட்டுப் பார்த்தோம், பொங்கவில்லை. பீலிக்கரையில் பதின்மூன்று தடவை அலசினோம். சிறுவன் எண்ணிக்கொண்டே வந்தான். பீங்கான் தட்டுக்குப் பதிலாக ஒரு தேநீர்ப் பீரிசு. மாலையில் நீர் இன்னும் பால்போல இருந்தது. மீனை விட அவசரப்பட்டான். வேண்டாம் என்று தடுத்தோம். ஒருவாரம் நீர் ஓடி, என் தொட்டியிலிருந்து எடுத்த பழைய வடிகட்டிப் பஞ்சொன்றும் உள்ளே ஊறி, நுண்ணுயிர்கள் குடியேறிய பிறகே இரண்டு தங்கமீன்களையும் விட்டோம். தங்கமீனுக்கு எங்கள் குளிர் ஒத்துவரும், சூடாக்கி தேவையில்லை. இரண்டும் பெரிதாகும்போது அந்தத் தொட்டி போதாது என்பதையும் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

விட்ட சில நிமிடத்தில் ஒரு மீன் தலைகீழாக நின்று வாயை மணலில் குத்தியது. ஒரு வாய் அள்ளியது. சற்று மென்றது. மணல் புகைபோல இறங்கிற்று. "மாமா, அது சோறு தேடுது!" என்று கத்தினான் பையன். நீலக்கல் பொதியைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அது இப்போது அவனுடைய தாய் வளர்க்கும் ரோசாச் செடியின் சட்டியில் கிடக்கிறது.

இம்மலையகத்தில் எங்கள் மக்கள் வந்து குடியேறி 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். காலடியில் உள்ள தரை தமக்கு உரியது என்று சொல்லமுடியாமல் இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களில் வாழ்கின்றன. அப்படியிருக்க மீனின் தரையைப் பற்றி ஏன் இத்தனை கவலை என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: ஓர் உயிரை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து அடைத்துவைத்தால், அதன் தரையை நம் கண்ணின் அழகுக்காகத் தீர்மானிக்கும் உரிமை நமக்கில்லை. அந்தத் தரையில் வாழப்போவது யார் என்று பார்த்தே தீர்மானிக்கவேண்டும். எங்களுடைய லயங்களைக் கட்டியவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்தப் பையன் கேட்டான்.

அடுத்த பதிவில் வழமைபோல அரசியல்.